ஃபால்அவுட் 2: பாதியில் விட்டுவிடாமல் விளையாட ஒரு வழிகாட்டி

அணுப்போரில் அழிந்த உலகில் நடக்கும் கணினி விளையாட்டான ஃபால்அவுட் 2-ஐ விளையாடியவர்களிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒரே ஐந்து குறைகள்தான் வரும். தொடக்கக் கோயில் எரிச்சலூட்டுகிறது. பிழைகள் அதிகம். கேலியும் கிண்டலும் அளவு மீறிவிட்டன. சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்ததும் கதை தொய்கிறது. கடைசிச் சண்டைக்கு வெறும் பேச்சுத் திறனோடு வந்தவர் திணறுகிறார். அதே ஆட்கள் அடுத்த மூச்சில், நியூ ரீனோ மாதிரி ஒரு ஊரை வேறெந்த ஆர்பிஜியிலும் (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) பார்த்ததில்லை என்பார்கள். இரண்டுமே நியாயமான பேச்சு. குறைகள் எல்லாம் குறிப்பிட்ட இடங்களில் இருக்கின்றன. அந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், முதல் சில மணி நேரத்தில் பலர் கைவிடும் இந்த விளையாட்டின் நல்ல பகுதிக்கு நீங்களும் போய்ச் சேரலாம்.

பின்னணி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். முதல் ஃபால்அவுட் 1997-ல் வந்தது. பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் செய்த இரண்டாம் பாகத்தை இன்டர்ப்ளே நிறுவனம் அடுத்த ஆண்டே, 1998 இறுதியில், வெளியிட்டது. முதல் பாகத்தின் தூண்களான டிம் கெய்ன், லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் வேலை பாதியில் இருக்கும்போதே விலகி ட்ராய்க்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கையில் இருந்த நேரமோ ஓர் ஆண்டுகூட இல்லை, உலகமோ முதல் பாகத்தைவிட மிகப் பெரிது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த அவசரத்தின் தழும்புகள்தான்.

எதை நிறுவுவது

ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணையக் கடைகள் இரண்டிலும் கிடைக்கிறது. எங்கே வாங்கினாலும் விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவாதீர்கள். இந்த விளையாட்டு தன் ஃபோல்டருக்குள்ளேயே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அங்கே எழுத விடாது. சேவ் சரியாகப் பதியாமல் போவது, அமைப்புகள் ஒவ்வொரு முறையும் பழையபடி மாறுவது எல்லாம் இதனால் வருபவை. சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள்.

அடுத்தது பேட்ச். ரசிகர்கள் இன்றுவரை வாதாடும் கேள்வி இதுதான்: பிழை திருத்தம் மட்டும் உள்ள யுபியு போதுமா, வெட்டப்பட்ட இடங்களையும் சேர்த்துத் தரும் ஆர்பியு வேண்டுமா? ஆர்பியு என்பது கில்லாப் என்ற ரசிகர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மறுசீரமைப்புத் திட்டத்தின் தொடர்ச்சி. இபிஏ கட்டடம், அபே மடம், பழங்குடிக் குடியிருப்பு, அடிமை வியாபாரிகளின் முகாம், கூட்டாளி சுலிக்கின் தங்கையைத் தேடும் கதை எல்லாம் அதில் திரும்ப வருகின்றன. உழைப்பு அபாரம். ஆனாலும் முதல் முறை விளையாடுபவருக்கு யுபியு போதும் என்பதே எங்கள் கருத்து. ஏற்கெனவே நகைச்சுவை கூடிப்போன விளையாட்டில் இபிஏ இன்னும் ஒரு வண்டி நகைச்சுவையை ஏற்றுகிறது. கதையின் நடுப்பகுதியும் நீள்கிறது. 1998-ல் வந்ததைப் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து உருவான பிறகு, இரண்டாம் சுற்றில் ஆர்பியு போடுங்கள். சுலிக்கின் தங்கை கதை மட்டும் முதல் சுற்றில் இல்லையே என்ற குறை இருக்கத்தான் செய்யும்.

எதைத் தேர்ந்தாலும் புதிதாக நிறுவிய, கை வைக்காத பிரதியின் மேல் போடுங்கள். நிறுவி முடித்ததும் புது ஆட்டம்தான் தொடங்க வேண்டும். பழைய சேவ் ஒன்றை ஏற்றினால் ஊர்களின் ஸ்கிரிப்ட் ஒன்று, சேவில் பதிந்திருக்கும் நிலை ஒன்று என்று ஆகிவிடும். கதவு திறக்காது, ஆள் பேச மாட்டார்.

திரை அளவுக்கு எஃப்2-ரெஸ் என்ற ஐஎன்ஐ கோப்பைத் திறந்து அகலம், உயரம் இரண்டையும் உங்கள் மானிட்டருக்கு மாற்றுங்கள். 1920-க்கு 1080 என்று மட்டும் வைத்தால் எழுத்துகள் எறும்பளவு ஆகிவிடும். அதே கோப்பில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் வரி இருக்கிறது. அதை 1 ஆக்கினால் படிக்கும்படி இருக்கும். உலக வரைபடத்தில் ஆள் கண்மூடித் திறப்பதற்குள் ஊர் விட்டு ஊர் போனால் பேட்ச்சோடு வரும் எஸ்ஃபால் என்ற துணை நிரல் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். பழைய இன்ஜின் வேகத்தைக் கணினியின் வேகத்தோடு கட்டிப்போட்டிருந்தது. வேகம் கூடினால் வழியில் வரும் சந்திப்புகளின் கணக்கும் கெட்டுவிடும்.

மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆட்களுக்கு கம்யூனிட்டி எடிஷன் என்ற புது இன்ஜின் இருக்கிறது. நீங்கள் வாங்கிய விளையாட்டிலிருந்து மாஸ்டர், கிரிட்டர் என்ற இரு பெரிய டேட் கோப்புகள், பேட்ச்000, டேட்டா ஃபோல்டர் ஆகியவற்றை அதற்குள் நகலெடுக்க வேண்டும். தொடங்கியதும் கோப்பு காணவில்லை என்று நின்றால், கோப்புப் பெயர் பெரிய எழுத்திலும் கான்ஃபிக்கில் சின்ன எழுத்திலும் இருக்கும், இரண்டையும் ஒன்றாக்குங்கள். இந்த இன்ஜினில் மூல விளையாட்டை மட்டும் விளையாடுங்கள், ரசிகர்கள் செய்த பெரிய மாற்றங்களான மோட்களைக் கணினிக்கு வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக்குள் போனதும் அமைப்புகளில் சண்டை வேகத்தை முழுக்க ஏற்றி, அது உங்கள் ஆளுக்கும் பொருந்தும்படி குறியிடுங்கள். எப்போதும் ஓடும் அமைப்பையும் போடுங்கள். "டர்ன் பேஸ்டு (முறை வைத்து ஆடும்) சண்டை இழுக்கிறது" என்று புகார் சொல்பவர்களில் பலர் இந்த மூன்றையும் தொட்டதே இல்லை.

ஆளை உருவாக்குவது

ஏழு குணங்களுக்கும் சேர்த்து 40 புள்ளிகள். கிஃப்டட் என்ற டிரெய்ட் (தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் இயல்பு) எடுத்தால் ஒவ்வொன்றும் 1 கூடும். பதிலுக்கு எல்லா ஸ்கில்லும் 10 சதவீதம் குறையும், லெவலுக்கு 5 ஸ்கில் புள்ளிகளும் போகும். இந்தப் பேரம் லாபம்தான். இரண்டாவது டிரெய்ட்டாக ஸ்மால் ஃபிரேம்: அஜிலிட்டி (சுறுசுறுப்பு) 1 கூடும், தூக்கும் எடை குறையும்.

முதல் சுற்றுக்கு நம்பி எடுக்கக்கூடிய கணக்கு: வலிமை 5, பெர்செப்ஷன் (பார்வைக் கூர்மை) 8, எண்டூரன்ஸ் (தாங்கும் திறன்) 4, கரிஸ்மா (ஈர்ப்பு) 6, புத்தி 8, அஜிலிட்டி 10, அதிர்ஷ்டம் 7. அஜிலிட்டி 10 என்றால் சண்டையில் உங்கள் முறை ஒவ்வொன்றுக்கும் நடக்க, தாக்கச் செலவழிக்க 10 ஆக்ஷன் பாயின்ட். கரிஸ்மாவில் பாதி எண்ணிக்கையில்தான் கூட்டாளிகள் வருவார்கள், ஆக மூன்று பேர். புத்தி 8, கிஃப்டட்டின் கழிவு போக லெவலுக்கு 16 ஸ்கில் புள்ளிகள் கிடைக்கும். வலிமை 5 குறைவாகத் தெரியலாம். பின்னால் கிடைக்கும் பவர் ஆர்மர் என்ற கவச உடை அதை ஏற்றிவிடும்.

முக்கிய ஸ்கில் என்று டேக் செய்ய வேண்டியவை ஸ்மால் கன்ஸ் (சிறு துப்பாக்கிகள்), ஸ்பீச் (பேச்சு), லாக்பிக் (பூட்டுத் திறப்பு). ஸ்மால் கன்ஸ் ஏன் என்றால், தொடக்கத்துக் கைத்துப்பாக்கி முதல் கடைசியில் கிடைக்கும் காஸ் ரைஃபிள் வரை இந்த ஒரே ஸ்கில்லில் ஓடுகின்றன. எனர்ஜி வெப்பன்ஸை டேக் செய்தவர் பாதி ஆட்டம் வரை நல்ல ஆயுதம் பார்க்க மாட்டார். ஃபாஸ்ட் ஷாட் டிரெய்ட் ஆசை காட்டும், எடுக்காதீர்கள்: குறிபார்த்துச் சுடும் வசதியே போய்விடும். இந்த விளையாட்டின் சண்டை கண்ணைக் குறிபார்த்துச் சுடுவதில்தான் இருக்கிறது. கண்ணுக்குக் குறிவைத்தால் 60 சதவீதம் கழியும், ஒரு ஆக்ஷன் பாயின்ட் கூடுதலாகப் போகும். அதனால் ஸ்மால் கன்ஸை 100 தாண்டியும் ஏற்ற வேண்டும். 100-க்கு மேல் ஒரு சதவீதத்துக்கு 2 புள்ளி, 125-க்கு மேல் 3, 150-க்கு மேல் 4 என்று விலை ஏறும். 150 அருகே நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஸ்பீச்சுக்கும் லாக்பிக்குக்கும் போடுங்கள்.

பெர்க் என்ற சிறப்புத் திறன் மூன்று லெவலுக்கு ஒன்று. 9-ல் பெட்டர் கிரிட்டிக்கல்ஸ், 15-ல் போனஸ் ரேட் ஆஃப் ஃபயர், 24-ல் ஸ்னைப்பர். ஸ்னைப்பருக்கு அஜிலிட்டி 8, பெர்செப்ஷன் 8 தேவை. மேலே சொன்ன கணக்கில் இரண்டும் இருக்கின்றன.

கோயில்

துப்பாக்கிக்கும் பேச்சுக்கும் ஆளைத் தயார் செய்துவிட்டு, கையில் ஈட்டியைக் கொடுத்து எறும்புக் கூட்டத்துக்குள் தள்ளுகிறது விளையாட்டு. ரசிகர்களின் கோபம் முழுக்க நியாயம். ஆனால் இதில் எல்லாவற்றோடும் சண்டை போட வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான எறும்புகளை ஓடியே தாண்டிவிடலாம்.

சண்டை தவிர்க்க முடியாத இடத்தில் ஈட்டியின் நீளத்தைப் பயன்படுத்துங்கள். ஈட்டி இரண்டு கட்டம் எட்டும். எறும்பும் தேளும் ஒட்டி நின்றால்தான் கடிக்கும். ஒரு குத்துக்கு 4 பாயின்ட். இரண்டு குத்து குத்தினால் 8 போகும், மீதி 2-ல் இரண்டு கட்டம் பின்வாங்குங்கள். அடுத்த முறையில் அது தன் பாயின்ட்களை நடப்பதிலேயே செலவழிக்கும், கடிக்க மிச்சம் குறைவு. சுவரோரம் முதுகு முட்டும்படி மட்டும் நிற்காதீர்கள்.

பூட்டிய கதவுக்கு லாக்பிக்கைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். முன்னால் ஒரு சேவ் இருக்கட்டும், மோசமாகத் தவறினால் பூட்டு சிக்கிக்கொள்ளும். உடைக்க முடியாத கதவுக்கு அதே தளத்தில் கிடைக்கும் பிளாஸ்டிக் வெடிமருந்து. டைமரை 30 வினாடிக்கு வைத்துக் கதவடியில் போட்டுவிட்டு ஓடுங்கள். டிராப்ஸ் ஸ்கில் குறைவாக இருந்தால் நேரத்துக்கு முன்பே வெடிக்கும், ஆகவே டைமரை ஓட்டிய பிறகு ஒரு நொடிகூட அங்கே நிற்கக் கூடாது.

கடைசியில் உங்களைச் சோதிக்கக் காத்திருக்கும் காமரூன். வெறுங்கைச் சண்டைக்குக் கூப்பிடுவான். ஸ்பீச் டேக் செய்திருந்தால் பேசியே கடக்க வாய்ப்புண்டு. ஸ்டீல் ஸ்கில்லால் அவனிடமிருந்து சாவியைத் திருடிக்கொண்டு கதவைத் திறந்து போவதும் செல்லும்.

வெளியே வந்ததும் உங்கள் ஆளின் சொந்த ஊரான ஆரோயோவை விட்டு ஓடிவிடாதீர்கள். புரோக் பூவும் சாண்டர் வேரும் ஊரிலேயே கிடைக்கின்றன, ஊர்ப் பூசாரி ஹக்குனின் அவற்றை மருந்துப்பொடி ஆக்கித் தருவார். அந்தப் பொடி சற்று நேரத்துக்குப் பெர்செப்ஷனைக் குறைக்கும் என்பதால் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே சாப்பிட வேண்டாம்.

கிளமத்தும் டென்னும்

அடுத்த ஊரான கிளமத்தில் நச்சுக் குகையில் மாட்டிக்கொண்ட ஸ்மைலியைக் காப்பாற்றினால் கெக்கோ பல்லியின் தோலை உரிக்கக் கற்றுத் தருவார். அந்தத் தோல்தான் தொடக்கக் காலத்துச் சம்பாத்தியம். குகையில் பச்சைக் குழம்பை மிதிக்க ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். கையில் காசு 350 சேர்ந்ததும் சுலிக்கின் கடனை அடைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுலிக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவருக்கு சப்மெஷின் கன் பிடிக்கும், கொடுத்தால் உங்கள் முதுகு வழியாகத்தான் எதிரியைச் சுடுவார். கூட்டாளிகள் சுட்டே செத்தேன் என்ற புகாரின் மூலம் இதுதான். அவரிடம் பேசி, சண்டைக் கட்டுப்பாடு திரையில் பர்ஸ்ட்டை (பல தோட்டாக்களை ஒரே மூச்சில் சுடுவது), உங்கள் மேல் படாது என்று உறுதியானால் மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, துப்பாக்கியையே பிடுங்கிவிட்டு சம்மட்டியைக் கொடுப்பது.

டென் என்ற ஊரில் கடை வாசலில் நிற்கும் சிறுவர்கள் நீங்கள் கடக்கும்போது பையிலிருந்து பொருளைத் திருடுவார்கள். ஐரோப்பியப் பதிப்பில் குழந்தைகளின் உருவத்தை நீக்கிவிட்டார்கள், திருட்டை நீக்கவில்லை. யாருமே இல்லாத வாசலில் பொருள் காணாமல் போனால் உங்களிடம் இருப்பது அந்தப் பதிப்பு; குழந்தைகளைத் திரும்பக் கொண்டுவரும் பேட்ச் போட வேண்டும். அடிமை வியாபாரி மெட்ஸ்கரிடம் மாட்டியிருக்கும் விக்கை மீட்கப் போனால், அவன் 1000 வரை கேட்பான். கிளமத்தில் விக்கின் வீட்டிலிருக்கும் ரேடியோவை எடுத்து வந்தால் செலவு குறையும். அடிமை வியாபாரிகளோடு சேர்ந்தால் நெற்றியில் பச்சை குத்துவார்கள், அந்தப் பெயர் கடைசி வரை பின்தொடரும்.

ஹக்குனின் கனவில் வந்து ஊர் சாகிறது என்று புலம்புவார். முதல் பாகத்தில் தண்ணீர் சிப் என்ற பாகத்தைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடு இருந்ததால் பலர் பதறிப் போய் ஊர்களை அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். இதில் கெடு 13 ஆண்டுகள். நிதானமாக நடங்கள்.

பயணத்துக்குக் கார் வேண்டுமென்றால் டென்னில் ஸ்மிட்டியிடம் பேசிவிட்டு, ஃபியூல் செல் கன்ட்ரோலரை கெக்கோ ஊரில் ஸ்கீட்டரிடமிருந்து வாங்கி வர வேண்டும். கையில் 2000 தயாராக இருக்கட்டும். ஸ்மால் எனர்ஜி செல், மைக்ரோ ஃபியூஷன் செல் இரண்டும் எரிபொருளாகும், ஆகவே அவற்றை விற்காதீர்கள். நியூ ரீனோவில் முதல் முறை நிறுத்தியதும் காரைத் திருடிவிடுவார்கள். டிக்கியில் முக்கியமான எதையும் வைக்காமல் ஊருக்குள் போங்கள். கார் டி-ரேயின் பட்டறையில் இருக்கும்.

எதற்காக இத்தனை பாடு

வால்ட் சிட்டி, கெக்கோ, நியூ ரீனோ, என்சிஆர் (நியூ கலிஃபோர்னியா ரிபப்ளிக்). இந்த நான்கு ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதுதான் ஃபால்அவுட் 2-ன் உயிர். வால்ட் சிட்டி சுத்தமான ஊர், மருத்துவம் உண்டு, உள்ளே அடிமைகளை வேலையாட்கள் என்று மரியாதையாக அழைப்பார்கள். பக்கத்து கெக்கோவில் கதிர்வீச்சால் உருக்குலைந்த மனிதர்களான கூல்கள் நடத்தும் அணு உலை கசிந்து இவர்களின் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. உலையைச் சரிசெய்யும் பாகம் வால்ட் சிட்டியிடம்தான் இருக்கிறது, கொடுக்க மனமில்லை. குடியுரிமைத் தேர்வு எழுதிப் பாஸாக முயல வேண்டாம், மிக உயர்ந்த குணங்கள் இல்லாமல் அது நடக்காது. உலைப் பிரச்சினையைத் தீர்த்தால் அந்த வாசல் தானாகத் திறக்கும்.

இதற்கிடையில் வால்ட் சிட்டியைக் கொள்ளையர்கள் தாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களின் குகையைக் கண்டுபிடித்து உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். காசு நியூ ரீனோவின் பிஷப்பிடமிருந்து வருகிறது. இதை யாரும் அம்புக்குறி போட்டுக் காட்டுவதில்லை. மூன்று ஊர்களில் தனித்தனியாகக் கேட்ட பேச்சு அந்த ஒரு புத்தகத்தில் ஒன்றுகூடுகிறது. முதல் பாகத்தை உயர்த்திப் பேசுபவர்கள்கூட இந்த இடத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

நியூ ரீனோவில் மோர்டினோ, பிஷப், ரைட், சால்வடோர் என்று நான்கு குடும்பங்கள். எந்தக் குடும்பத்துக்கும் கடைசி வேலையை முடிப்பதற்கு முன் தனி சேவ் போடுங்கள், ஒன்றில் உறுப்பினரானால் மற்றவை கைவிட்டுப் போகும். முதல் சுற்றுக்கு ரைட் குடும்பம் நல்லது: மகன் எப்படிச் செத்தான் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் தந்தையின் வேலை, துப்பாக்கியே எடுக்காமல் ஊர் முழுக்கப் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று. துப்பாக்கிக் கடையின் நிலவறையில் இருக்கும் ஆல்ஜெர்னன் ஆயுதங்களை இலவசமாக மேம்படுத்துவார்.

என்சிஆரில் அதிபராக இருப்பவர் டேண்டி. முதல் பாகத்தில் நீங்கள் காப்பாற்றிய அதே பெண், 80 ஆண்டுகள் கழித்து. முதல் பாகத்தை முடித்துவிட்டு இதற்கு வருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கிண்டல் விஷயத்தில் மாற்று வழி இல்லை. சதுரங்கம் ஆடும் தேள், பேய், பேசும் டெத்கிளா (பெரிய நகமுள்ள கொடிய மிருகம்) எல்லாம் உண்டு. திரைப்படக் கேலிகள் பெரும்பாலும் வழியில் வரும் விசேஷ சந்திப்புகளில் குவிந்திருக்கின்றன. பிடிக்கவில்லை என்றால் ஒன்றிரண்டு நொடியில் கடந்து வெளியேறலாம். பேசும் டெத்கிளாக்களை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்த்து ஒதுக்காதீர்கள். வால்ட் 13 என்ற நிலத்தடிக் காப்பிடத்தில் அவர்களின் கதை முடியும் விதம் வேடிக்கை அல்ல.

தொய்வும் முடிவும்

சான் பிரான்சிஸ்கோவில் ஷி, ஹபாலஜிஸ்ட்கள், டேங்கர் கப்பல் மக்கள் என்று மூன்று கூட்டம். இங்கே எடுத்து வா, கொண்டு போ என்ற வேலைகளே அதிகம். அவசரத்தில் முடித்த பகுதி என்பது தெரியும். டேங்கரைக் கிளப்ப மூன்று பொருள் தேவை: எரிபொருள், வால்ட் 13-ல் இருக்கும் நேவ்காம்ப் பாகம், நவாரோவில் இருக்கும் டேங்கர் எஃப்ஓபி. பின்னிரண்டையும் முன்னமே எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தால் அலைச்சல் பாதியாகும்.

நவாரோ, கதையின் முக்கிய எதிரிக் கூட்டமான என்கிளேவின் ராணுவத் தளம். பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் கிறிஸிடம், சேர வந்தவன் போலப் பேசினால் உள்ளே போகக் கடவுச்சொல் தருவார். உள்ளே அட்வான்ஸ்டு பவர் ஆர்மர் கிடைக்கும். ஆட்டத்தின் முதல் நாளிலேயே நடந்து போய் இதை எடுக்கலாம் என்ற யோசனையை நிறைய பேர் சொல்வார்கள். முதல் சுற்றில் செய்யாதீர்கள். அந்த உடையைப் போட்டபின் நடுவிலிருக்கும் எந்தச் சண்டையிலும் பயம் இருக்காது, காசின் மதிப்பும் போய்விடும். வழியில் என்கிளேவ் ரோந்தில் மாட்டினால் பிளாஸ்மாவில் ஒரே சூட்டில் முடிந்துவிடும் என்பது இன்னொன்று.

டேங்கரில் ஏறினால், அது போய்ச் சேரும் என்கிளேவின் எண்ணெய்க் கிணற்றுத் தளத்திலிருந்து முடியும் வரை திரும்பி வர வழி இல்லை. ஏறும் முன் நிலையான சேவ் ஒன்று, காயம் ஆற்றும் ஸ்டிம்பாக்குகள், காஸ் ரைஃபிளுக்கான 2 மி.மீ. தோட்டாக்கள், பிளாஸ்டிக் வெடிமருந்து. ரைஃபிளும் தோட்டாவும் சான் பிரான்சிஸ்கோ கடைகளிலேயே கிடைக்கும்.

கடைசியில் என்கிளேவின் பயங்கர வீரன் ஃபிராங்க் ஹாரிகன், உயிர் அளவு 999 ஹிட் பாயின்ட். பேசிச் சமாளிக்க முடியாத ஆள், பேச்சுத் திறன் பில்ட்காரர்களின் குறை இதுவே. ஆனால் சண்டையை நீங்களே போட வேண்டியதில்லை. உள்ளே என்கிளேவின் அதிபர் ரிச்சர்ட்சனிடமிருந்து சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரிகன் இருக்கும் அறையின் கணினியில் அதைப் பயன்படுத்தினால் சுற்றியுள்ள டரட்கள் என்ற தானியங்கித் துப்பாக்கிகள் அவனைச் சுடத் தொடங்கும். தளம் வெடிக்கப் போகிறது என்று அங்குள்ள என்கிளேவ் சார்ஜென்ட் கிரானைட்டை ஸ்பீச்சால் நம்ப வைத்தால் அவரும் அவர் படையும் உங்கள் பக்கம் நிற்பார்கள். இரண்டையும் செய்துவிட்டு, தூரத்தில் நின்று கண்ணைக் குறிபார்த்துச் சுடுங்கள். அருகே போனால் அவன் கத்திக்கு நீங்கள் இரண்டு முறைகூடத் தாங்க மாட்டீர்கள்.

முடிவுக் காட்சி ஓடிய பிறகும் ஆட்டம் தொடரும். நியூ ரீனோவில் ஃபாதர் டல்லியைப் போய்ப் பாருங்கள். அவர் தரும் புத்தகம் எல்லா ஸ்கில்லையும் 300 சதவீதத்துக்கு ஏற்றும். விட்டுப்போன குவெஸ்ட்களை அதன்பின் போய் முடிக்கலாம்.